நியூயார்க்கில் தொலைந்த கேசட், சீனப் பக்கத்தில் கிடைத்த கோப்பு

போன மாசம் மதுரையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்து மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த பிறகு, சித்தி பையன் சரவணன் பேச்சை ஆரம்பித்தான்.

"அண்ணே, சோனிக் 2 பீட்டா எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா? நியூயார்க்ல ஒரு பொம்மைக் கண்காட்சில திருடிட்டுப் போய்ட்டாங்களாம்."

"அது ஒரு கதைடா. அந்தக் கதையில ஓட்டை இருக்கு."

"என்ன ஓட்டை? அதை எழுதின புரோகிராமரே சொன்னதுண்ணே!"

அன்றைக்கு நாங்கள் தூங்கும்போது மணி மூன்று. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று இருட்டில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1991-ல் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் வீடியோ கேம் மெஷினுக்காக சோனிக் என்ற நீல முள்ளெலி வந்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது. அடுத்த பாகத்தை ஜப்பானில் செய்யவில்லை. கலிஃபோர்னியாவில் இயங்கிய சேகா டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டில், ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து செய்தார்கள். யூஜி நாகா புரோகிராம் எழுதினார். ஹிரோகாசு யசுஹாரா மட்டங்களை வடிவமைத்தார். 1992 நவம்பர் 21 அன்று ஜப்பானிலும், நவம்பர் 24 செவ்வாய்க்கிழமை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சோனிக் 2 கடைக்கு வந்தது. அந்தச் செவ்வாயையே ஒரு திருவிழாவாக்கி சேகா விளம்பரம் செய்தது.

கேம் வருவதற்கு முந்தைய மாதங்களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் முன்னோட்டப் படங்கள் வந்திருந்தன. ஒன்றில் ஒரு பாலைவனம். இன்னொன்றில் மரத்தாலான ஒரு உலகம். எல்லாவற்றையும் விட மனசில் தங்கியது ஒரு குகை: இருட்டுப் பின்னணி, ஒளிரும் கற்கள். அதன் பெயர் ஹிடன் பேலஸ், மறைந்த அரண்மனை. கேமை வாங்கிக் கடைசி வரை ஆடி முடித்தவர்கள் யாருக்கும் அந்த அரண்மனை கிடைக்கவில்லை. ஏழு மரகதங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஒலிச் சோதனைப் பட்டியலில் 10 என்ற எண்ணில் கேமில் எங்குமே ஒலிக்காத ஒரு பாட்டு மட்டும் இருந்தது. ஏமாற்றுக் கருவிகளை மாட்டி நினைவக எண்களை மாற்றி அந்த மட்டத்துக்குள் குதித்தவர்களுக்கு வெறும் பள்ளம். சோனிக் விழுந்து செத்தான்.

ஒரு வீடு இருந்தது, முகவரியும் இருக்கிறது, போய்ப் பார்த்தால் காலி மனை. சின்னப் பிள்ளைகளின் மனசில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பல வருஷம் அந்தப் பிள்ளைகள் அதையே நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

1990களின் கடைசியில்தான் திருப்பம். சோனிக் ரசிகர் ஒருவர் ஒரு சீன மொழி இணையப் பக்கத்தில் சோனிக் 2 என்று போட்டிருந்த கோப்பை இறக்கி ஓட்டிப் பார்த்தார். அது கடைக்கு வந்த கேம் இல்லை. அதற்கு முந்தைய, பாதி வெந்த வடிவம்; சரவணன் சொன்ன 'பீட்டா' இதுதான். அதற்குள் ஹிடன் பேலஸ் இருந்தது. ஆடக்கூடியதாகவே இருந்தது. இன்றைக்கும் ரசிகர்கள் அந்த வடிவத்தை அதைக் கண்டெடுத்தவரின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

அன்று ராத்திரி சரவணன் கீழே போய் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். மட்டத்தேர்வுத் திரையைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது பெயர்களைத்தான். நாம் மிஸ்டிக் கேவ் என்று அறிந்த மட்டம் அங்கே டஸ்ட் ஹில். அக்வாடிக் ரூயின் அங்கே நியோ கிரீன் ஹில். வுட் என்று ஒன்று. ஜெனோசைட் சிட்டி என்று இன்னொன்று. இனப்படுகொலை நகரம் என்று ஒரு குழந்தைகள் கேமில் பெயர்! அந்தப் பெயரும் போனது, அந்த நகரமும் தனி மட்டமாக வரவில்லை. அதற்கென்று போட்ட வரைபடம் மட்டும் பின்னால் மெட்ரோபொலிஸ் என்ற மட்டத்தின் மூன்றாம் பகுதிக்குள் போய் ஒண்டிக்கொண்டது.

ஹிடன் பேலஸைத் தேர்ந்தெடுத்தான். குகை வந்தது. பின்னணியில் கற்கள் மினுமினுத்தன. கொஞ்ச தூரம் ஓடினால் ஆளுயரத்தை விடப் பெரிய ஒரு மரகதக் கல் நிற்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்று கேமுக்கே தெரியவில்லை. முடிவுப் பலகையும் கிடையாது. சரவணன் சோனிக்கை அந்தக் கல்லின் மேல் நிறுத்திவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிரெய்க் ஸ்டிட் என்ற ஓவியர் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த குகை அது. கேசட்டில் இடமில்லை, கையில் நாளுமில்லை என்ற நெருக்கடியில் கழித்துவிடப்பட்ட ஒன்று இன்னும் உயிரோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

சரவணன் சொன்னது பொய் இல்லை. கேம் உருவாகிக்கொண்டிருந்தபோது நியூயார்க்கில் ஒரு பொம்மைக் கண்காட்சியில் வைத்திருந்த டெமோ கேசட் திருடுபோனது, தேடியும் கிடைக்கவில்லை என்று யூஜி நாகா பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சுதான் பிறகு கதையாகி, கதை வரலாறாகி, இன்றைக்கு எங்கே பார்த்தாலும் 'திருடப்பட்ட கேசட் = சீனப் பக்கத்தில் கிடைத்த கோப்பு' என்று சமன்பாடு போல எழுதுகிறார்கள்.

எனக்கு இடிக்கும் இடம் தேதி. நியூயார்க்கின் பெரிய பொம்மைக் கண்காட்சி என்றால் வியாபாரிகளுக்காக வருஷா வருஷம் பிப்ரவரியில் நடந்த கண்காட்சிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கிறிஸ்துமஸுக்கு என்னென்ன விற்கலாம் என்று கடைக்காரர்கள் அங்கேதான் முடிவு செய்வார்கள். நம் கையில் இருக்கும் முன்வடிவமோ 1992 ஆகஸ்ட் வாக்கில் உருவானது. சோனிக் 2 வேலையே 1991-ன் கடைசியில்தான் தொடங்கியது. மூன்று நாலு மாதத்தில், அந்த பிப்ரவரியில், இத்தனை மட்டங்களோடு ஒரு வடிவம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முன்வடிவம் இருக்கிறது. 1992-ல் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 'நிக் ஆர்கேட்' என்று பிள்ளைகள் வீடியோ கேம் ஆடிப் போட்டியிடும் ஒரு நிகழ்ச்சி வந்தது. அதில் சோனிக் 2-ன் ஆரம்பகால வடிவம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்த வடிவம் 2006-ல் ரசிகர்கள் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் முதல் சோனிக்கின் எச்சங்கள் ஏராளம். புது மட்டங்கள் ஏதோ நாலைந்துதான், அவையும் அரைகுறை. 1992-ன் நடுவில் இருந்த நிலைமையே அதுதான். அதற்கு முந்தைய பிப்ரவரியில் என்ன இருந்திருக்கும்?

"அப்ப நாகா பொய் சொல்றாரா?" என்றான் சரவணன். குரலில் உண்மையான வருத்தம். அவனுக்கு நாகா என்றால் சாமி மாதிரி.

"பொய்யுன்னு நான் சொல்லலடா. அவர் சொன்னது ஒரு கேசட் காணாமப் போச்சுங்கறதை. அந்தக் கேசட்டும் இந்தக் கோப்பும் ஒண்ணுன்னு அவர் எங்க நிரூபிச்சாரு? அதை நாமதான ஒட்ட வச்சுக்கிட்டோம்."

நாகா சொன்ன கண்காட்சி வேறு மாதத்தில் நடந்த வேறொன்றாக இருக்கலாம். திருடுபோனது இதைவிடப் பழைய இன்னொரு வடிவமாக இருந்து, அது இன்னும் யார் வீட்டுப் பெட்டியிலோ கிடக்கலாம். வருஷங்கள் கழித்துச் சொன்ன ஞாபகத்தில் ஊரோ நிகழ்ச்சியோ மாறிப்போயும் இருக்கலாம். எது உண்மையானாலும், திருட்டுக் கொடுத்தவனுக்கு என்ன போனது என்று தெரியும். எந்த வழியாகப் போனது என்று தெரிய வேண்டியதில்லை.

இதே மாதிரி வேறொரு கதை நன்றாக ஆவணமாகியிருக்கிறது, அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2003-ல் ஹாஃப் லைஃப் 2 கேமின் மூல நிரல் திருடுபோனது. செப்டம்பர் 30-ல் வெளியாக வேண்டிய கேம் அது. அக்டோபர் 2 அன்று வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல் தானே எழுதி, கசிந்தது எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். தன் மின்னஞ்சலை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்றும், மின்னஞ்சல் மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்திருக்கலாம் என்றும் தன் சந்தேகத்தைச் சொன்னார். பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு இளைஞர், உள்ளே போனவன் நான்தான் என்று நியூவெல்லுக்கே எழுதினார். 2006-ல் ஜெர்மன் நீதிமன்றம் இரண்டு வருஷ நன்னடத்தைத் தண்டனை கொடுத்தது. அந்த இளைஞர் பின்னாளில் விவரித்த வழி வேறு: கடவுச்சொல்லே இல்லாத ஒரு கணக்கின் வழியாக வலைப்பின்னலுக்குள் போனது. அதோடு, உள்ளே போனது நான், ஆனால் இணையத்தில் போட்டது நான் இல்லை, நம்பிக் கொடுத்த ஆள் போட்டுவிட்டார் என்றும் சொன்னார்.

எடுத்தவர் ஒருவர், பரப்பியவர் ஒருவர், பறிகொடுத்தவர் ஒருவர். மூன்று பேரிடமும் மூன்று பாதிக்கதை. நீதிமன்றம் வரை போன ஒரு விவகாரத்திலேயே இப்படி என்றால், 1992-ல் காணாமல் போன ஒரு கேசட்டுக்கு ஒரே வரியில் விடை கிடைத்துவிட்டது என்று எப்படி நம்புவது?

நானும் சரவணனும் சண்டை போட்டதே ஒரு குழப்பத்தால்தான் என்று அப்புறம் புரிந்தது. 'எப்படி வெளியே வந்தது' என்ற ஒரு கேள்விக்குள் வேறு வேறு கேள்விகள் பதுங்கியிருக்கின்றன. சேகாவின் கையைவிட்டு எப்படிப் போனது என்பது ஒன்று. சிலிக்கான் சில்லில் இருந்தது எப்படிக் கணினிக் கோப்பாக மாறியது என்பது வேறொன்று. அந்தக் கோப்பு முதலில் எந்த வலையில் ஏறியது என்பது தனி. இன்னதுதான் இது என்று முதலில் அடையாளம் கண்டது யார் என்பது அதற்கும் தனி. கண்காட்சிக் கதை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லப் பார்க்கிறது. சீனப் பக்கத்துக் கதை கடைசிக் கேள்விக்கு மட்டும். நடுவில் ஆறேழு வருஷம் இருட்டாகக் கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த நடு இருட்டுதான். அதில் கொஞ்சம் வெளிச்சம் போடலாம்.

அந்தக் காலத்தில் ஒரு கேமின் சோதனை வடிவத்தை ஈப்ரோம் என்ற சில்லுகளில் எழுதி, ஒரு வெற்றுப் பலகையில் செருகி அனுப்புவார்கள். புற ஊதா வெளிச்சம் காட்டினால் அழிந்துவிடும், திரும்ப எழுதலாம். பத்திரிகைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் சோதிப்பவர்களுக்கும் இப்படிப் பல பலகைகள் பறக்கும். ஒவ்வொன்றும் திரும்பி வந்ததா என்று கணக்கு வைப்பது லேசில்லை. ஆக, கை நழுவுவதற்கு ஒரு கண்காட்சிதான் வேண்டும் என்றில்லை.

பலகை கையில் கிடைத்தவன் என்ன செய்வான்? ஹாங்காங், தைவான் பக்கம் 'காப்பியர்' என்று ஒரு கருவி விற்றார்கள். மெகா டிரைவுக்கான சூப்பர் மேஜிக் டிரைவ் அதில் பெயர் பெற்றது. மெஷினின் மேல் இதை மாட்டு, இதன் மேல் கேசட்டை மாட்டு, பக்கத்தில் ஃப்ளாப்பியைச் செருகு. கேசட்டில் இருப்பது அப்படியே ஃப்ளாப்பியில் இறங்கும். சோனிக் 2-ன் அளவு 8 மெகாபிட், அதாவது சரியாக 1 மெகாபைட். 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி ஒன்றிலேயே முழு கேமும் அடங்கி, மிச்ச இடமும் இருக்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம்.

இந்தக் கருவி எடுக்கும் கோப்புகளில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் 512 பைட் கருவியின் சொந்தக் குறிப்பு. அதற்குப் பிறகு கேமை 16,384 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒற்றைப்படை இடத்து பைட்டுகளை முன்னாலும் இரட்டைப்படை இடத்து பைட்டுகளைப் பின்னாலும் அடுக்கி வைக்கும். ஏறக்குறைய எல்லா மெகா டிரைவ் கேமிலும் தொடக்கத்திலிருந்து 256 பைட் தள்ளி, ஆங்கிலத்தில் சேகா என்ற நான்கு எழுத்து இருக்கும். காப்பியர் எடுத்த கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த நான்கும் சேர்ந்து தெரியாது. முன் பாதியில் ஈயும் ஏயும் மட்டும். கீழே நகர்த்திக்கொண்டே போனால் 8,192 பைட்டுக்கு அப்பால் எஸ்ஸும் ஜியும் தனியாக உட்கார்ந்திருக்கும். முதல் முறை இதைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. மின்னணுக் கோப்புக்கும் கைரேகை உண்டு! யார் எடுத்தார்கள் என்று அது சொல்லாது. எந்த மாதிரிக் கருவி இதைத் தொட்டது என்று சொல்லும்.

கேமின் தலைப்பகுதியில், அந்த சேகா என்ற எழுத்து தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் 16 பைட் தள்ளி, உரிமைக் குறிப்பும் வருஷமும் மாதமும் இருக்கும். விற்பனைக்கு வந்த சோனிக் 2-ல் அங்கே 1992 செப்டம்பர் என்று இருக்கிறது. தேதிச் சண்டைக்கு இதுதான் முடிவான சாட்சி என்று சரவணன் குதித்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது புரோகிராமர் கையால் அடித்த எழுத்து. மறந்தால் பழைய கேமின் தேதியே ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியீட்டு நாளை நினைத்து முன்கூட்டியும் அடித்திருக்கலாம். கடைசியில் நம்பத் தகுந்தது உள்ளே இருக்கும் வேலைதான்: எந்த மட்டம் முடிந்திருக்கிறது, எந்த எதிரி இன்னும் நகரவில்லை, எந்தப் பெயர் இன்னும் மாறவில்லை. ஒரு வீட்டின் சுவர் எந்த உயரம் வரை பூசியிருக்கிறது என்று பார்த்தால் கொத்தனார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று சொல்லிவிடலாம், அது போல.

அடுத்தது 'ஆன்லைன்' என்ற சொல். இணையப் பக்கங்கள் பரவுவதற்கு முன்பே டெலிபோன் கம்பி வழியாகக் கணினிகள் பேசிக்கொண்டிருந்தன. புல்லட்டின் போர்டு என்று பெயர். மோடத்தால் எண்ணைச் சுழற்றி, கோப்புகளை ராத்திரி முழுக்க இறக்குவார்கள். காப்பியர் வைத்திருந்த குழுக்கள் அங்கே புது கேம்களை ஏற்றப் போட்டி போட்டன. சோனிக் 2-க்கே 'சென்ஸார்' என்ற பெயரால் அறியப்படும் இன்னொரு முன்வடிவம் உண்டு. 1992 செப்டம்பர் வாக்கிலான, ஏறக்குறைய முடிந்துவிட்ட வடிவம் அது. ஆக, இந்த கேமின் முடியாத வடிவங்கள் சேகாவின் கதவைத் தாண்டி வெளியேறிய வழி ஒன்றே ஒன்று இல்லை. கதவில் பல இடுக்குகள். நியூயார்க் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்க எனக்கு மனசு வராததற்கு இதுவும் காரணம்.

கூடவே கள்ளக் கேசட்டுகள். நம் பீட்டா, கடையில் விற்கும் போலிக் கேசட்டாகவும் சுற்றியிருக்கிறது. மேலே சோனிக் 2 என்று வண்ணப்படம், உள்ளே முடியாத கேம். இதை நினைத்தால் ஒரு காட்சி மனசில் வருகிறது. ஏதோ ஊரில் ஒரு பிள்ளை அந்தக் கேசட்டை வாங்கி ஆடியிருக்கும். பாதியில் நின்றுபோகிறது, ஏமாத்திட்டான் கடைக்காரன் என்று அழுதிருக்கும். அதே சமயம் அமெரிக்காவில் இன்னொரு பிள்ளை, ஹிடன் பேலஸ் எங்கே எங்கே என்று பத்திரிகைப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டு ஏங்கியிருக்கும். ரெண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இங்கேதான் எனக்கும் சரவணனுக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. அவனைப் பொறுத்தவரை சீனப் பக்கத்தில் அந்த ரசிகர் பார்த்த நாள்தான் பீட்டா பிறந்த நாள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தை நடத்தியவர் ஒருவர் இருந்தார். அவர் அதை எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார், பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், உழைத்து ஏற்றியிருக்கிறார். அவரைத் தேடிப் போய்க் கேட்டிருந்தால் நடு இருட்டில் ஒரு விளக்காவது எரிந்திருக்கும். 'முதன்முதலில் இணையத்தில் வந்தது' என்று நாம் எழுதுவதெல்லாம் 'முதன்முதலில் ஆங்கிலம் பேசுபவர்கள் கண்ணில் பட்டது' என்பதைத்தான். சீன மொழியில் எழுதிய ஒரு பக்கம் ஏதோ ஆளில்லாத காடு போலவும், அங்கே போய் யாரோ புதையல் கண்டுபிடித்தது போலவும் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. தமிழில் நாம் எழுதி வைப்பதும் நாளைக்கு யாருக்கோ அப்படித்தானே தெரியும்?

அந்தப் பக்கம் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. லட்சக்கணக்கான பேர் கையால் கட்டிய பக்கங்கள் ஒரே மூச்சில் போயின. ஆர்வலர்கள் ஓடி ஓடிக் கொஞ்சத்தைக் காப்பாற்றினார்கள். கோப்பு இன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதைச் சுற்றி எழுதியிருந்த நாலு வரி, 'இது இன்னார் கொடுத்தது' என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால், அது யாரிடமும் இல்லை.

"ஆனா திருட்டு திருட்டுதானண்ணே. நாம அதைக் கொண்டாடலாமா?" என்று கேட்டான் சரவணன், ரொம்ப நேரம் கழித்து. அவனிடம் எனக்குப் பிடித்தது இந்தக் குணம்தான், வசதியான இடத்தில் நின்றுவிட மாட்டான்.

திருட்டுதான். பாதி வரைந்த படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றால் வரைந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் காசு பார்த்தவர்கள் மேல் எனக்கு எந்தப் பரிவும் இல்லை. ஆனால் சேகா கழித்துவிட்ட அந்தக் குகை மறுபடி மனிதர் கண்ணில் பட்டது அந்தக் கோப்பினால்தான். 2013 டிசம்பரில் கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் சைமன் தாம்லியும் செல்போனுக்காக சோனிக் 2-ஐப் புதுப்பித்தபோது, ஹிடன் பேலஸை முழுசாகக் கட்டி முடித்து உள்ளே வைத்தார்கள். சேகாவின் முத்திரையோடு வந்தது. ரெண்டு பேருமே ரசிகர் கூட்டத்திலிருந்து மேலே வந்தவர்கள். அந்தக் கசிந்த வடிவத்தில் இத்தனை பேர் இத்தனை வருஷம் அந்தப் பச்சைக் கல்லின் முன்னால் போய் நிற்காமல் இருந்திருந்தால், அந்த மட்டத்தை முடித்துத் தர வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். தப்பான வழியில் வந்ததுதான் பிறகு ஒரு கலைஞனின் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ரெண்டு உண்மையையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பரணில் ஏறியது. அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் என் பழைய டிவி கேம் கேசட்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். மஞ்சள் கலரில் ஒன்று, ஒட்டியிருந்த தாளில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கிறது. ஒரே ஏழெட்டு கேம் திரும்பத் திரும்ப வருவதுதான். பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. சரவணனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"எங்க வாங்கினதுண்ணே?"

திறந்த வாய் அப்படியே நின்றது. தெரியவில்லை. முப்பது வருஷமாக என் வீட்டிலேயே இருக்கும் ஒரு கேசட்.

அம்மாவைக் கேட்டேன். "உங்க மாமா பர்மா பஜார்ல வாங்கிட்டு வந்தான், உன் மூணாம் கிளாஸ் லீவுக்கு" என்றாள். சந்தேகமே இல்லாமல் சொன்னாள். மாமாவுக்குப் போன் போட்டேன். "நானா? இல்லப்பா. ரிச்சி தெருவுல உங்க அப்பாதான் வாங்கினாரு. நான் கூடப் போனேன், அவ்வளவுதான். நீ அப்ப அஞ்சாவது படிச்சே" என்றார். அவரும் சந்தேகமே இல்லாமல்தான் சொன்னார்.

அப்பா இல்லை, கேட்பதற்கு.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அம்மா சொன்னதை ஒரு வரியிலும் மாமா சொன்னதை அடுத்த வரியிலும் எழுதினேன். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று பக்கத்தில் தேதி போட்டேன். மடித்துக் கேசட்டோடு சேர்த்து டின்னுக்குள் வைத்து மூடினேன்.